ஏகாம்பரத்துக்குப் பதில் ஆள்

கரடிக்குட்டை ஏரி மதகின்மேல் சிப்பாய் ஏகாம்பரம் வந்து நின்ற சித்திரை மாதத்துக் காலையில், பால் சொசைட்டிக்குக் கேன் ஏற்றிப் போனவர்களும், மல்லாட்டைக் கொல்லைக்குக் களை வெட்டப் போன பெண்களும், வேலூர் பஸ்ஸுக்காக ஏரிக்கரைமேல் ஓடியவர்களும் முதலில் கவனித்தது அவனை அல்ல, குளிரைத்தான். ஏழு மணிக்கே வெயில் பிடரியைச் சுட்ட அந்த நாளில், மதகுக்கு முப்பது தப்படி இருக்கும்போதே காலில் ஜில்லென்று ஏறியது. இன்னும் கொஞ்சம் போனால் மூச்சு புகையாக வந்தது. அதற்கப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்கள். தடித்த வெள்ளைக் கோட்டும், தோளில் இரண்டு விரல் கனத்துக்குக் கரையாத பனியும், நெஞ்சுக்குக் குறுக்கே துப்பாக்கியுமாக, இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் வடக்கே மலைமேல் காணாமல் போனபோது என்ன வயதோ அதே இருபத்துமூன்று வயதில், மீசைகூடச் சரியாக அடராமல், அவன் நின்றுகொண்டிருந்தான்.

"தம். கோன் ஆத்தா ஹை" என்றான். நில், வருவது யார் என்று அர்த்தம். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போய்வந்த ஊர் அது. அந்த அளவு இந்தி ஊரில் நாய்க்கும் தெரியும். அடுத்து, "பாஸ்வேர்டு" என்றான்.

முன்னால் வந்த பால்காரர், "இன்னாபா, பாலுக்கெல்லாமா பாஸ்வேர்டு கேப்ப" என்று சொல்லிக்கொண்டே இருபது தப்படிக்குள் வந்துவிட்டார். ஏகாம்பரம் சட்டப்படி மூன்று தடவை கேட்டான். மூன்றாம் தடவைக்கும் சரியான பதில் வராமல்போக, சுட்டான். குண்டு கேனின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்தது. இரண்டு ஓட்டையிலும் பால் பீறிட்டது. கீழே விழுவதற்குள் அது உறைந்துபோய்ச் சுண்ணாம்புக் கட்டியாட்டம் உருண்டது. அதற்குப் பிறகு எல்லோரும் ஏரிக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார்கள். சித்திரையில் ஏரியில் தண்ணீர் ஏது.

சேதி வந்தபோது சுபேதார் தணிகாசலம் சர்க்கரை மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். மலைமேல் அந்தப் பிளாட்டூனை நடத்தியவர் அவர்தான். முப்பது பேர், அதில் பாதிக்குமேல் வடாற்காட்டுப் பையன்கள். சட்டையை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் நின்றார். ஏகாம்பரம் அவரையும் பார்த்தான். அவருக்கும் "தம்" என்றான். அவர் நின்றார்.

"அன்னிக்கு இன்னா பாஸ்வேர்டு குடுத்தீங்க சுபேதார் ஐயா? சொல்லிக் கூட்டியாந்துடுங்க" என்றார்கள் பக்கத்திலிருந்தவர்கள்.

"யோசிக்கணும்" என்றார்.

யோசிக்க ஒன்றுமே இல்லை. அன்று அவர் எந்தப் பாஸ்வேர்டும் கொடுக்கவில்லை. அந்த விஷயம் உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒருவர் கரையில் வேர்த்துக்கொண்டு நின்றார், மற்றவன் மதகில் பனியோடு நின்றான்.

பட்டாளத்தில் விடியும்போது ஒருமுறையும் பொழுது அடையும்போது ஒருமுறையும் ஸ்டாண்ட்-டூ என்று ஒன்று உண்டு. அந்த அரைமணி நேரம் யாரும் டீ குடிக்கக் கூடாது, உட்காரக் கூடாது. ஒவ்வொருவனும் தன் இடத்தில் துப்பாக்கியோடு வெளியே பார்த்து நிற்க வேண்டும், ஏனென்றால் எதிரி வருவதற்குப் பிடித்த வெளிச்சம் அதுதான். அந்திப் பொழுதின் ஸ்டாண்ட்-டூவில் பிளாட்டூன் தலைவர் ஆள் ஆளாகப் போய் அன்றைய வார்த்தையைக் காதில் சொல்லுவார். தணிகாசலத்தின் பிளாட்டூனில் அது எப்போதும் 'ழ' வருகிற தமிழ் வார்த்தையாக இருக்கும். மேலிருந்து வருகிற வார்த்தை ஒன்று இருந்தாலும், தங்களுக்குள் இது ஒன்று. எதிராளி எத்தனை நாள் ஒட்டுக்கேட்டாலும் வாழைப்பழம் என்று சொல்ல வராதே என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. காவலுக்குப் போனவன் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், பிறகு நான்கு மணி நேரம் தூங்கலாம். பதில் ஆள் வந்து, வார்த்தை சொல்லி, துப்பாக்கியோடு அந்த இடத்தில் காலை வைக்கிறவரைக்கும், வானமே இடிந்தாலும் இடத்தை விடக் கூடாது.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு பீரங்கி ஷெல் விழ ஆரம்பித்தது. அந்த மலையில் குழி தோண்ட முடியாது, வெறும் பாறை. கல்லைக் கல்மேல் அடுக்கி அரண் கட்டியிருந்தார்கள், ஷெல் விழுந்தால் அந்தக் கல்லே ஆயிரம் கத்தியாகச் சிதறி அவர்கள்மேலேயே பாய்ந்தது. அரணுக்கு அறுபது கஜம் முன்னால், எதிரியின் காலடிச் சத்தம் கேட்பதற்கென்று ஒற்றை ஆள் நிற்கும் பொந்து ஒன்று இருந்தது. அங்கே நின்றவன் தோளில் அடிபட்டுத் தவழ்ந்து வந்து சேர்ந்தான். ஸ்டாண்ட்-டூ நேரம் வந்தது. யாரும் தலை தூக்கவில்லை, தணிகாசலம் ஆள் ஆளாகப் போகவில்லை, யார் காதிலும் எந்த வார்த்தையும் விழவில்லை. "ஏகாம்பரம், நீ போ" என்றார். அவன் எழுந்து, துப்பாக்கியைத் துடைத்து, "சாப், இன்னிக்குப் பாஸ்வேர்டு?" என்றான். அதே நேரத்தில் வயர்லெஸ் காதர் பாஷா செட்டு செத்துப்போய்விட்டது என்று கத்தினான். தணிகாசலம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே, "அனுப்பறேன், போ" என்றார்.

அவன் போனான்.

அரைமணி கழித்து எதிரிகள் வந்தார்கள். வந்தவர்கள் நாற்பது பேர் என்று தணிகாசலம் எழுதினார், நானூறு பேர் என்று ஹவில்தார் ஆசீர்வாதம் இன்றைக்கும் சொல்லுவார், ஆளே தெரியவில்லை துப்பாக்கி வாய் மட்டும் தீப்பெட்டிக் குச்சியாட்டம் பற்றிப் பற்றி அணைந்தது என்று காதர் பாஷா சொல்லுவார். கையெறி குண்டு தீர்ந்தது. ஒருவன் கல்லை எறிந்தான். ஒருவன் தன் டீ மக்கை எறிந்தான், அது யார் தலையிலோ பட்டு டங்கென்று கேட்டது, அந்த அமளியிலும் இரண்டு பேர் சிரித்தார்கள்; சிரித்தவர்களில் ஒருவன் அப்படியே சாய்ந்தான். இருநூறு கஜம் பின்வாங்கினார்கள். மறுநாள் மத்தியானம் மறுபடியும் ஏறிப் பிடித்தார்கள். அறுபது கஜம் முன்னாலிருந்த பொந்தில் பனி மட்டும் இருந்தது. பின்வாங்கும்போது அங்கே ஒருவன் நிற்கிறான் என்பது தணிகாசலத்துக்கு நினைவில்லை. ஏறிப் பிடித்த பிறகுதான் நினைவு வந்தது. அறிக்கையில், பாஸ்வேர்டு தெரிவிக்கப்பட்டது, திரும்ப அழைக்க ஆள் அனுப்பப்பட்டது, காவல் இடம் காலியாக இருந்தது என்று மூன்று வரி எழுதினார். மூன்றில் கடைசி வரி மட்டும் உண்மை.

அந்த மூன்று வரி ரயிலேறி வேலூர் வந்து, பஸ்ஸேறி கரடிக்குட்டைக்கு வந்து, ஓடிப்போனவன் என்ற ஒரே சொல்லாகச் சுருங்கி, ஏகாம்பரத்தின் தங்கை அஞ்சலை வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். ஊர் நடுவே நட்ட நினைவுத் தூணில் செத்தவர்கள் பேரெல்லாம் வெட்டினார்கள், ஏகாம்பரம் பேரை வெட்டவில்லை. திரும்பி வந்தவர்களுக்குப் போட்ட மாலையிலும் அவன் பங்கு இல்லை. அவள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலைக்குப் போனாள், இன்னும் போகிறாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து. மதகில் நின்ற அண்ணனை அவள் முப்பது தப்படியில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். அழுவாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். "இடது பூட்ஸ் அடித்தோல் வாய் பொளந்துனு இருக்குது" என்றாள். மறுநாளிலிருந்து ஷிப்ட்டுக்குப் போகும்முன் ஒரு சட்டி கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து இருபத்தொன்றாம் தப்படியில் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் அதை உறைந்த கட்டியாக எடுத்துக்கொண்டு போவாள். காவலில் இருப்பவன் சாப்பிடக் கூடாது.

ஊருக்கு அவன் பழகிப்போக ஒரு மாதம்கூட ஆகவில்லை. இருபது தப்படிக்கும் முப்பது தப்படிக்கும் நடுவே சுடவும் மாட்டான், குளிரும் இருக்கும் என்று தெரிந்ததும், அந்தப் பத்துத் தப்படி நிலம் ஊரிலேயே விலை உயர்ந்த இடமாகிவிட்டது. அக்னி நட்சத்திரம் முழுக்கப் பால் திரியவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் பூக்கூடைகளை அங்கே வைத்தார்கள். செத்தவர் மகன் துபாயிலிருந்து வரவேண்டுமென்று ஒரு பிணத்தைக்கூட இரண்டு நாள் அங்கேதான் வைத்திருந்தார்கள். பஸ்காரர்கள் அந்த இடத்துக்குச் சென்ட்ரி ஸ்டாப்பிங் என்று பேர் வைத்தார்கள். சண்டை போட்ட புருஷன் பெண்சாதிகள் பஞ்சாயத்துக்குப் போகாமல் அங்கே போய் நின்று, குளிர் தாங்காமல் பத்து நிமிஷத்தில் ஒரே போர்வைக்குள் திரும்பினார்கள். நடுவே தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, நீர்நிலைப் புறம்போக்கில் ஒரு நபர் அனுமதியின்றி நிற்பதாக நோட்டீஸ் கொண்டுவந்தார். அதை ஏகாம்பரத்திடம் கொடுக்கப் போய், "தம்" கேட்டு, நோட்டீஸைப் பால் கேன்மேல் வைத்துவிட்டு வந்தார். வடக்கே பட்டாளத்துக்கு எழுதின கடிதத்துக்குப் பதிலும் வந்தது: மேற்படி ஏரியில் எங்கள் காவல் எதுவும் நியமிக்கப்படவில்லை.

ஆனால் பாஸ்வேர்டை மட்டும் ஊர் விடவில்லை. ஒரு வார்த்தைதானே என்று எல்லோருக்கும் தோன்றியது. இளவட்டங்கள் கரையில் நின்று, "ஃபர்காட் பாஸ்வேர்டு எங்க இருக்குது சிப்பாய் அண்ணே, ஓடிபி அனுப்புங்க" என்று கத்தினார்கள். பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் கதிரேசன் நானூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, அகராதியிலிருந்து 'ழ' வருகிற வார்த்தைகளையெல்லாம் எழுதி, தினமும் சாயங்காலம் இருபத்தைந்து தப்படியில் நின்று வாய்விட்டு வாசித்தார். அகழி, அழகு, அவிழ், இதழ், உழவு. ஒவ்வொன்றுக்கும் ஏகாம்பரம் மெல்லத் தலையாட்டுவான், இல்லை என்று. வாத்தியார் சிவப்பு மையால் அடிப்பார். முதல் பக்கத்தில் முதலில் எழுதியதும் முதலில் அடித்ததும் 'கூழ்'. அஞ்சலை சட்டியைப் பார்த்து எல்லோருக்கும் முதலில் தோன்றியது அதுதான். ஆடு மேய்க்கிறவர்கள், பால்காரர், பஞ்சாயத்துத் தலைவர் என்று நாற்பது பேராவது அதைத் தனித்தனியாகப் போய்ச் சொல்லித் திரும்பியிருந்தார்கள்.

முன்னாள் ராணுவத்தினர் சங்கத்து அறையில் சனிக்கிழமைதோறும் கூட்டம் நடந்தது. கூட்டம் என்றால் மூன்று பேர்: தணிகாசலம், மலையில் மூன்று கால்விரலைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வந்து இப்போது ஒரு ஏ.டி.எம். வாசலில் காவலிருக்கும் ஆசீர்வாதம், இடது காது கேட்காத காதர் பாஷா.

"தாழம்பூ" என்றார் ஆசீர்வாதம். "சாப் என் காதுல சொன்னது இன்னும் சூடா இருக்குது. தாழம்பூ."

"அது அதுக்கு மொத நாள்" என்றார் பாஷா. "அன்னிக்குக் கொழுக்கட்டை. எனக்குப் பசி, அதனால ஞாபகம் இருக்குது."

"உனக்கு என்னிக்குப் பசி இல்ல? நீ செட்டைக் கட்டிப்புடிச்சுனு அழுதுனு இருந்த."

"நான் அழுதேன்? நீ பூட்ஸைக் காணோம்னு தேடுன. வெரல் போனதே அதனாலதான."

"பூட்ஸைத் தேடுனவன்தான் மிஷின் கன்னை இழுத்துனு வந்தான். சாப், நீங்க சொல்லுங்க, தாழம்பூவா இல்லியா?"

தணிகாசலம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுக்காத வார்த்தையை இரண்டு பேர் இரண்டு விதமாக நினைவு வைத்திருக்கிறார்கள். தங்கள் காதால் அவர் குரலிலேயே கேட்டதாகச் சத்தியம் பண்ணுகிறார்கள். இதை எப்படி மறுப்பது? மறுத்தால் அந்த மூன்று வரியையும் சேர்த்துத்தான் மறுக்க வேண்டும். "ரெண்டும் இல்லடா" என்று மட்டும் சொன்னார்.

"அப்ப எதுதான்?"

"போங்கடா, போய் வேலையைப் பாருங்கடா" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். குடியரசு தினத்துக்குக் குடியரசு தினம் பள்ளிக்கூட மேடையில் நின்று அந்தச் சண்டையைச் சொன்னவர் அவர். எத்தனை முறை சொன்னாலும் பொந்துக்குப் போனவன் கதையை ஒரு மூச்சில் தாண்டிவிடுவார், பஸ் நிற்காத ஊரைத் தாண்டுகிற மாதிரி. இப்போது அந்த ஊர் அவருடைய ஏரிக்கரைக்கே வந்து நிற்கிறது. வீட்டில் தட்டை வைத்தால், "கொதிக்கக் கொதிக்க வைக்காதே" என்று எரிந்து விழுந்தார்; ஆறவிட்டால், ஏன் ஆறிப்போச்சு என்றார். ஆனி போனது, ஆடி போனது. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஸ்டாண்ட்-டூ வேளைக்குக் கரைக்குப் போய் நின்றார். ஏகாம்பரம் அவரையே பார்ப்பான். கோபமாக இல்லை. பந்தியில் உட்கார்ந்தவன் பரிமாறுகிறவரைப் பார்ப்பதுபோல. அவர் திரும்பி வந்துவிடுவார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பதினோரு நாள் விடவில்லை. ஏரி நிறைந்து, சுற்றிப் போன வழி முழுகியது. தண்ணீர் கரையின் தோளுக்கு ஏறியது. மதகைத் திறந்தால் சரியாகிவிடும், ஆனால் திறக்கிற சக்கரம் ஏகாம்பரத்தின் கால்மாட்டில் இருந்தது. மதகு திறந்து மூடுகிற நீர்க்கட்டி மூன்று தடவை போய் மூன்று தடவையும் "தம்" கேட்டுத் திரும்பினார். ஐந்து மாதம் அவன் குளிரில் பால் வைத்தவர்களே, கரை உடைந்தால் கீழே எண்பது வீடு போய்விடும், போலீஸ் துப்பாக்கியோடு வரட்டும் என்று மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் மத்தியானத்துக்குமேல் வருகிறோம் என்று பதில் வந்தது.

அந்த மறுநாள் காலையில் அஞ்சலை குடையோடு தணிகாசலம் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"போலீஸ் வந்தா அவன் சுடுவான் சுபேதார் ஐயா. அவன் சுட்டா அவங்க சுடுவாங்க. உங்களுக்கு இன்னுமா ஞாபகம் வரல?"

"ஞாபகம் வர ஒண்ணும் இல்ல அஞ்சலை" என்றார். "நான் குடுக்கவே இல்ல."

குடைக்கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன்னு எழுதுனது?"

"அனுப்பல. மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்க."

"ஆமா."

தையலில் நூல் நிற்குமா என்று இழுத்துப் பார்ப்பவளைப்போல அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். "இருபத்தாறு வருஷம் தெருக்குழாயில என் கொடத்த நவுத்தி வெச்சாங்க. ஓடுனவன் வூட்டுக் கொடம்னு. நீங்களும் அந்தத் தெருவுலதான் நடந்து போனீங்க." குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "இத்த ஏன் எங்கிட்ட சொல்றீங்க? நான் இன்னா பண்ணுவேன், அழுவேன். அவங்கிட்ட போய்ச் சொல்லுங்க. நடங்க."

"ஸ்டாண்ட்-டூ ஆகட்டும்" என்றார். "வார்த்தை குடுக்கற வேளை அதுதான்."

"அதுக்குள்ள போலீஸ் வந்துட்டா?"

மழை போலீஸ் வண்டியையும் ஆற்றுப் பாலத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு, இருபத்தாறு வருஷமாக டிரங்குப் பெட்டியில் கிடந்த பட்டாளத்துத் தொப்பி, பெரெட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். அஞ்சலை கூழ்ச்சட்டியோடு பின்னால் வந்தாள். சங்கத்து வாசலில் ஆசீர்வாதத்தையும் பாஷாவையும் நிறுத்தி, தெருவிலேயே, நாலு பேர் கேட்கச் சொன்னார்: அன்றைக்கு நான் யாருக்கும் பாஸ்வேர்டு கொடுக்கவில்லை, அவனைக் கூப்பிட ஆளும் அனுப்பவில்லை, அவன் ஓடவில்லை, நான்தான் விட்டுவிட்டு வந்தேன். இத்தனை வருஷம் நெஞ்சில் கல்லாகக் கிடந்ததைப் புரட்டிப் போட்டுவிட்டோம், இனிமேல் ஆகிறது ஆகட்டும் என்று நின்றார்.

ஆசீர்வாதம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாப், உங்களுக்குச் சர்க்கரை ஏறிப்போச்சு. தாழம்பூ குடுத்தீங்க சாப். என் காதுல."

"இன்னா சொல்றாரு?" என்றார் பாஷா.

"பாஸ்வேர்டே குடுக்கலியாம்."

"அட போங்க சாப். கொழுக்கட்டை."

தணிகாசலத்துக்கு அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஏரியில் தள்ளலாம்போல இருந்தது. திரும்பிக் கரைமேல் ஏறினார்.

மழை தூறலாகியிருந்தது. முப்பதில் குளிர் ஏறியது. இருபத்தொன்றில் அஞ்சலை நின்றுகொண்டாள். அவர் இருபதைத் தாண்டினார்.

"தம். கோன் ஆத்தா ஹை."

"பிளாட்டூன் கமாண்டர்."

"பாஸ்வேர்டு."

"குடுக்கல" என்றார். "நான் உனக்குப் பாஸ்வேர்டு குடுக்கல ஏகாம்பரம்."

துப்பாக்கி முனை கொஞ்சம் தாழ்ந்தது. "ஆமா சாப். அனுப்பறேன்னு சொன்னீங்க."

"இப்பக் கொண்டாந்திருக்கேன்."

சொன்னாரே தவிர, எதையும் கொண்டுவரவில்லை. ஐந்தாறு மாதமாக ஊரே வார்த்தை வார்த்தையாகக் கொட்டியதில் அவர் மண்டையில் ஒன்றுகூட மிச்சமில்லை. பின்னாலிருந்து காற்று வந்தது, புளித்த வாடையோடு. மதகேறி நெருங்கி, அவன் காதருகே குனிந்து, மற்றவர் யாருக்கும் கேட்காதபடி, விதிமுறைப்படி, "கூழ்" என்றார்.

ஏகாம்பரம் ஒரு நிமிஷம் யோசித்தான். "இது ஏற்கெனவே ரெண்டு தடவ வெச்சதுதான் சாப்."

"வேற தோணல. இன்னிக்கு இதான்."

"சரி சாப்." விறைப்பாக நின்று ரிப்போர்ட் சொன்னான். "முன்னால் அறுபது கஜத்துல நடமாட்டம் இல்ல. கொஞ்ச நாளா வலது பக்கம் பால் கேன் வெக்கிறாங்க, ஆயுதம் இல்ல. ஒரு வாத்தியார் வந்து கத்தறாரு, ஆபத்தில்ல. ஒரு பொம்பள தினம் சட்டி வெக்கிறாங்க. யாருன்னு தெரியல. எங்க அம்மா ஜாடை. காவலிடத்தை விட்டு எங்கியும் போகல. வேற ஒண்ணும் இல்ல." பிறகு அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "பதில் ஆள் எங்க சாப்?"

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். கரையில் ஊர் நின்றது. பாஷாவும் ஆசீர்வாதமும் தள்ளி நின்று ஏதோ கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எதைப் பற்றி என்று கேட்க வேண்டியதில்லை. ஒரு நிமிஷத்துக்குத்தானே, அவன் இறங்கினதும் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"நான்தான்" என்று துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, அவன் நின்ற இடத்தில் காலை வைத்தார்.

ஏகாம்பரம் கல்லை விட்டு இறங்கிய மாத்திரத்தில் தோள் பனி கரைந்து முதுகெல்லாம் வழிந்தது. வாய் பிளந்த பூட்ஸ் டப்டப்பென்று அடிக்க, இருபத்தொன்றாம் தப்படிக்குப் போய் நின்றான். அஞ்சலை சட்டியை நீட்டினாள். அவன் நின்றபடியே முழுக்கக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தான்.

"அஞ்சல? நீ ஏன் இவ்ளோ வயசாயிட்ட?"

"நீ லேட் பண்ணா ஆகாதா" என்றாள் அஞ்சலை. "அந்த பூட்ஸைக் கழட்டு மொதல்ல. நடக்கற சத்தமே சரியில்ல."

வெறுங்காலோடு அவளுக்குப் பின்னால் நடந்து, குடிதண்ணீர்க் குழாயைத் தாண்டி, அங்கே குடத்தோடு நின்றவர்கள் வழிவிட, வீட்டுக்குள் போய்ப் பாயில் விழுந்தவன் அப்போதே தூங்கிவிட்டான். மேளம் அடித்தும் அசையவில்லை, முகத்தில் தண்ணீர் தெளித்தும் விழிக்கவில்லை. "வுடுங்க, தூங்கட்டும்" என்று அவள் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். இரண்டு மணி காவலுக்கு நான்கு மணி தூக்கம் என்பது சட்டம். இருபத்தாறு வருஷக் காவலுக்கு எவ்வளவு என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மதகின்மேல் தணிகாசலம் முதலில் செய்தது, கால்மாட்டிலிருந்த சக்கரத்தைச் சுற்றி மதகைத் திறந்ததுதான். தண்ணீர் பீறிட்டுக் கால்வாயில் பாய்ந்தது. கரையிலிருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். போலீஸ் வண்டி வந்து, பார்த்து, திரும்பிப் போனது. அது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இனிமேல் வீட்டுக்குப் போகலாம் என்று துப்பாக்கியைச் சாய்க்கப் போனபோதுதான், கால் கல்லைவிட்டு எழவில்லை என்பதைக் கவனித்தார். குளிர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. பெரெட்டின்மேல் என்னவோ மெத்தென்று விழுந்துகொண்டிருந்தது.

ஆசீர்வாதமும் பாஷாவும் கரைமேல் வந்துகொண்டிருந்தார்கள். பாஷா கையில் ஒரு பிளாஸ்க் இருந்தது.

"சாப், போதும் எறங்குங்க. சூடா டீ."

இருபதாம் தப்படியை அவர்கள் தாண்டியதும், "தம்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடையது என்று தணிகாசலத்துக்கு விளங்க ஒரு நொடி ஆனது. "கோன் ஆத்தா ஹை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். "நாங்கதான் சாப்."

"பாஸ்வேர்டு."

சிரிப்பு நின்றது. ஏகாம்பரத்திடம் மட்டும்தான் சொன்னேன், காதோடு சொன்னேன் என்பது தணிகாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பதில் ஆளாக வரக்கூடிய எவனுக்கும் சொல்லவில்லை. மறுபடியும். வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் காவலில் நிற்பவன் கேட்கலாம், சொல்லக் கூடாது. வாயைத் திறந்தால் 'தம்' மட்டும் வந்தது.

"தாழம்பூ" என்றார் ஆசீர்வாதம், ஒரு வழியாகச் சந்தர்ப்பம் கிடைத்த நிம்மதியோடு.

தணிகாசலத்தின் தலை மெல்ல ஆடியது, இல்லை என்று.

"நான் சொல்லல? கொழுக்கட்டை" என்றார் பாஷா.

தலை ஆடியது.

"கவலைப்படாதீங்க சாப்" என்று ஆசீர்வாதம் பாஷாவைப் பின்னால் இழுத்துக்கொண்டே கையசைத்தார். "வாத்தியாரைக் கூட்டியாறோம்."

கதிரேசன் வாத்தியார் குடையும் நோட்டுமாக வந்தார். இருபத்தைந்தில் நின்று, தொண்டையைச் செருமி, நேரத்தை வீணாக்க வேண்டாமென்று முதல் பக்கம் தொட்டுச் சிவப்பு மையால் அடித்த பக்கங்களையெல்லாம் ஒரேயடியாகப் புரட்டித் தள்ளிவிட்டு, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.